தொலைபேசி ஓய்ந்த பிறகு

"சென்சாரும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் என்ன சார் பொறுப்பு, கிறுப்பு?" என்று கேட்டான் தம்பி. பத்திரிகை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. இரண்டு டீ ஆனது.

நான் இந்தோனேசியாவிலிருந்து தொடங்கினேன். இதே கேள்வியை அந்த நாடு முழுக்கக் கேட்டுப் பார்த்த வருடம் 1998.

அதற்கு முந்தைய முப்பத்திரண்டு வருடம் சுகார்த்தோவின் ஆட்சி. அப்போது செய்தி அறையில் சென்சார் அதிகாரி என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தொலைபேசிதான் இருந்தது. ராத்திரி பக்கம் முடிக்கிற நேரத்தில் மணி அடிக்கும். ராணுவத்திலிருந்தோ தகவல் அமைச்சகத்திலிருந்தோ ஒருவர் மிக மரியாதையாகப் பேசுவார். அந்தச் செய்தி வராமல் இருந்தால் நல்லது என்பார். அவ்வளவுதான். 'தொலைபேசிப் பண்பாடு' என்றே அங்கே இதற்குப் பெயர். அந்த மரியாதைக்குப் பின்னால் இருந்தது லைசென்ஸ். அமைச்சகம் கொடுத்த உரிமத்தை அமைச்சகமே பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்கினால் மறுநாள் பத்திரிகை கிடையாது.

1994 ஜூன் 21 அன்று டெம்போ, எடிட்டர், டெடிக் என்ற மூன்று பத்திரிகைகளின் உரிமம் ஒரே நாளில் போனது. டெம்போ எழுதியது, பழைய கிழக்கு ஜெர்மனியின் 39 போர்க்கப்பல்களை வாங்குகிற விவகாரம். விலையைப் பற்றி அமைச்சர்களுக்குள் சண்டை. கப்பல் வாங்கச் சொன்னவர் அன்றைய ஆராய்ச்சித் துறை அமைச்சர் ஹபீபி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னேன்.

அந்தத் தடைக்குப் பிறகு சில பத்திரிகையாளர்கள் போகோருக்குப் பக்கத்தில் சிர்னகாலி என்ற இடத்தில் கூடி, ஆகஸ்ட் 7 அன்று சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அரசு ஏற்றுக்கொண்ட சங்கம் வேறு. இது கள்ளச் சங்கம். அடுத்த வருடமே, உரிமம் இல்லாமல் பத்திரிகை போட்டதற்காக இதன் ஆட்களைச் சிறையில் தள்ளினார்கள். அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்த ஓர் இளைஞனும் உள்ளே போனான். 1996இல் யோக்யகர்த்தாவில் உதின் என்ற நிருபர் வீட்டு வாசலில் தாக்கப்பட்டு மூன்று நாளில் இறந்தார். பந்துல் மாவட்ட அரசியலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். போலீஸ் பிடித்து நிறுத்திய ஆள் விடுதலையானார். அதற்குப் பிறகு யாருக்கும் தண்டனை இல்லை.

1998 மே 21 அன்று சுகார்த்தோ விலக, அதிபர் நாற்காலிக்கு வந்தவர் கப்பல் வாங்கிய அதே ஹபீபி. அவர் காலத்தில்தான் கதவு திறந்தது. உரிமத்தைத் தளர்த்தியவர் தகவல் அமைச்சர் யூனுஸ் யோஸ்ஃபியா. ராணுவத் தளபதியாக இருந்தவர். 1975இல் கிழக்கு திமோரில் பாலிபோ என்ற ஊரில் ஐந்து வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டதற்கு அவர்தான் உத்தரவிட்டார் என்று 2007இல் ஆஸ்திரேலிய மரண விசாரணை அதிகாரி ஒருவர் முடிவு சொன்னார். யூனுஸ் அதை மறுத்துவந்தார். நல்ல சட்டம் நல்லவர் கையால்தான் வரும் என்று நான் நம்புவதை விட்டது இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

கதவு திறந்ததும் என்ன ஆனது? பழைய ஆட்சியில் முந்நூறுக்கும் குறைவாக இருந்த உரிமங்கள், ஒன்றரை வருடத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டின. 1998 அக்டோபரிலேயே டெம்போ திரும்பி வந்தது. 1999 செப்டம்பரில் வந்த 40ஆம் எண் பத்திரிகைச் சட்டம் உரிமத்தையே ஒழித்தது. தடை கிடையாது, தணிக்கை கிடையாது என்று எழுதிவைத்தது. அடுத்து வந்த அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் தகவல் அமைச்சகத்தையே கலைத்துவிட்டார். தொலைபேசி செய்ய ஆளில்லை.

"அப்போ முடிஞ்சுதே சார்" என்றான் தம்பி. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆம்பொன் என்று ஒரு தீவு நகரம், மாலுகு பகுதியில். 1999 ஜனவரி 19, ரம்ஜான் பண்டிகை நாள். மினிபஸ் பக்கத்தில் இரண்டு பேருக்குள் தகராறு. ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். அன்றைக்கே ஊர் பற்றிக்கொண்டது. அடுத்த மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நகரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போனால் உயிரோடு திரும்ப முடியாது.

ஊரில் இருந்த பேப்பர் சுவாரா மாலுகு. அலுவலகம் கிறிஸ்தவர் பகுதியில். முஸ்லிம் நிருபர்கள் வேலைக்கு வர முடியவில்லை. அந்தப் பேப்பரின் முதலாளிகளே மறுபக்கத்தில் ஆம்பொன் எக்ஸ்பிரஸ் என்று இன்னொரு பேப்பர் தொடங்கினார்கள். வியாபாரக் கணக்குப்படி சரியான ஏற்பாடு. நிருபரின் இடத்தில் நின்று பார். ராத்திரி மறுபக்கத்தில் சத்தம் கேட்கிறது, புகை தெரிகிறது. அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. உன் பக்கத்துக்கு ஓடி வந்தவன் சொல்வதுதான் செய்தி. காயம்பட்டவனும் உன் ஜாதி ஜனம்தான், சாட்சியும் உன் ஜனம்தான். பொய் எழுத வேண்டும் என்று நீ நினைக்கவே வேண்டாம். கேட்டதை அப்படியே எழுதினாலே பாதி உண்மைதான் அச்சாகும். மறுபக்கத்து நிருபரும் அதையே செய்வான். காலையில் இரண்டு பேப்பரும் வரும், இரண்டு வேறு சண்டைகளைப் பற்றி.

எந்த அமைச்சரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. எந்தச் சட்டமும் இதைத் தடுத்திருக்காது. தடுக்கப் பார்த்தவர்கள் பத்திரிகையாளர்கள்தான். 2001இல் மாலுகு ஊடக மையம் என்று ஓர் இடம் அமைத்து, இரண்டு பக்கத்து நிருபர்களையும் உட்காரவைத்தார்கள். உன் பக்கம் நீ பார்த்ததைச் சொல், என் பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. பொறுப்பு என்று நான் சொல்வது இந்தச் சாதாரணத்தைத்தான் தம்பி.

இன்னொன்று உனக்குத் தெரிந்ததே. பேட்டி முடிந்ததும் கையில் திணிக்கிற 'கவர்'. அங்கே அதற்கு 'ஆம்ப்ளோப்' என்று பெயர், அர்த்தமும் உறைதான். பத்திரிகையே இல்லாமல் கவருக்காகக் கூட்டமாக வந்து இறங்குகிற ஆட்களுக்கு ஒரு தலைவலி மாத்திரையின் பெயரை வைத்து 'போட்ரெக்ஸ் நிருபர்' என்பார்கள். ஆயிரம் பத்திரிகை முளைத்தால் ஆயிரத்துக்கும் சம்பளம் கொடுக்க யாரிடம் காசு? கவர் அந்த இடத்தை நிரப்பியது. கவர் வாங்கக் கூடாது என்று கள்ளச் சங்கமாக இருந்த அந்தக் கூட்டணி தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறது. ஒழுங்கான சம்பளம் கொடு என்று முதலாளியிடமும் கேட்கிறது. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் உபதேசம் செய்பவர்களை நான் மதிப்பதில்லை.

சரி, பத்திரிகை தப்பு செய்தால் யார் கேட்பது? அமைச்சர் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. 2003 மார்ச்சில் டெம்போ, ஜகார்த்தாவின் தானா அபாங் சந்தை எரிந்ததையும் டோமி வினாத்தா என்ற பெரும் தொழிலதிபரையும் சேர்த்து ஒரு கட்டுரை போட்டது. அவருடைய ஆதரவாளர்கள் கும்பலாக அலுவலகத்துக்கு வந்து அடித்தார்கள். பிறகு வழக்கு. 2004இல் ஆசிரியர் பம்பாங் ஹரிமூர்த்திக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை. புதிய பத்திரிகைச் சட்டம் கையில் இருக்க, நீதிமன்றம் பழைய தண்டனைச் சட்டத்தை எடுத்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பத்திரிகைச் சண்டையைப் பத்திரிகைச் சட்டத்தில் தீர்க்க வேண்டும் என்றது.

அந்தச் சட்டத்தில் இருக்கிற வழி 'ஹாக் ஜவாப்', பதில் சொல்லும் உரிமை. தன்னைப் பற்றித் தவறாக வந்தது என்று நினைப்பவர் பதில் கொடுத்தால் பத்திரிகை போட்டே ஆக வேண்டும். மறுத்தால் 50 கோடி ருபியா வரை அபராதம். தீராவிட்டால் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். அது அரசிடமிருந்து விடுபட்ட பிறகு வந்த முதல் தலைவர் அத்மகுசுமா. 1974இல் தடை செய்யப்பட்ட இந்தோனேசியா ராயா பேப்பரில் இருந்தவர். அந்த மன்றத்தால் பத்திரிகையை மூட முடியாது, யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. பதிலைப் போடு, மன்னிப்புக் கேள் என்று சொல்லும். பல் இல்லாத மன்றம் என்று கேலி செய்வார்கள். பல் இருந்த அமைச்சகத்தை அவர்கள் முப்பது வருடம் பார்த்தாயிற்று.

இதெல்லாம் வந்தும் ஆபத்து போய்விடவில்லை. 2025 மார்ச்சில் டெம்போவின் பெண் பத்திரிகையாளர் ஒருவர் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே காது அறுத்த பன்றித் தலை. சில நாளில் தலையில்லாத ஆறு எலிகள்.

தம்பி டீ கிளாசை வைத்துவிட்டுக் கேட்டான்: "மறுப்பு வந்தா எந்தப் பக்கத்துல சார் போடுறது?"

தப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். எட்டாம் பக்க மூலையில் அல்ல. நாளைக்கு உன் பெயரில் வருகிற செய்தியில் ஒரு பெயரோ ஊரோ தவறிப்போய், சம்பந்தப்பட்டவர் போன் செய்தால், எடுத்துப் பேசு.