வினைமுற்றி மீள்வோன் கடன்: முல்லைத் திணை குறித்த ஓர் ஆராய்ச்சி

நீலமலையில் குன்னூரை அடுத்துள்ள வெலிங்டன், முன்னாளில் ஜக்கதளா என்னும் படகர் ஊரின் பெயரால் வழங்கிய இடமாகும். 1947ஆம் ஆண்டு முதல் மதராஸ் படைப்பிரிவின் பயிற்சித் தலைமையகம் அங்கு அமைந்துள்ளது. 1758ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் அப்படைப்பிரிவு, இந்தியத் தரைப்படையின் தொன்மை மிக்க காலாட்படைப் பிரிவுகளுள் ஒன்று. தென்னாட்டு இளைஞர் அம்மலையில் பயின்று காசுமீரம் முதலாய எல்லைப்புறங்களுக்குச் செல்கின்றனர். வினைமுடித்துத் தத்தம் ஊர்க்கு மீள்கின்றனர். வடபுலத்துப் பனிமலை எங்கே, தென்னாட்டுச் சிற்றூர் எங்கே! எனினும், இச்செலவும் மீட்சியும் தமிழ் இலக்கியத்திற்குப் புதியன அல்ல. போர்மேற் சென்றவன் வீடு திரும்பும் நிகழ்ச்சியை ஒரு திணையின் உயிர்நிலையாகவே வைத்துப் பாடியவர் சங்கச் சான்றோர்.

அத்திணை முல்லை. முல்லைப் பாடல்களைக் கற்போர் பெரும்பாலும் தலைவியின் ஆற்றியிருத்தலையே போற்றுவர். அது பொருந்தும். ஆயின், மீண்டு வந்தவன் தன்னை மீட்டுத் தந்தோர்க்கும் தனக்காக இல்லங் காத்தோர்க்கும் என்ன கைம்மாறு செய்தான் என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எம் கருத்து. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகைக் கடன்

போர் குறித்த நன்றியுணர்வு தமிழரிடையே மூன்று திசைகளிற் செல்கின்றது. முதலாவது, மறவன் தன் தலைவற்குச் செலுத்துவது. உண்ட சோற்றிற்கு ஈடாகத் தன்னுயிரைக் களத்தில் தருதலைச் செஞ்சோற்றுக் கடன் என்று பிற்காலத்தார் வழங்கினர். இரண்டாவது, ஊரும் நாடும் மறவற்குச் செலுத்துவது. நடுகல் அதன் வடிவம். காட்சி முதல் வாழ்த்து ஈறாகக் கல்நாட்டும் முறைமையைத் தொல்காப்பியனார் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றார். மூன்றாவது, உயிரோடு மீண்ட மறவன் தன் இல்லத்திற்கும் துணை நின்றோர்க்கும் செலுத்துவது. முதல் இரண்டும் புறத்திணைக்கு உரியன. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். மூன்றாவது அகத்திணைக்கு உரியது. முல்லைப் பாட்டுகளில் மறைந்து கிடப்பது. அதற்குக் கல்லும் இல்லை, தனிப் பெயரும் இல்லை.

இலக்கண நெறி

வஞ்சித் திணையை முல்லையின் புறமாகத் தொல்காப்பியனார் அமைத்தார். மண்நசையால் மேற்சென்று பொருதல் வஞ்சி; மனையில் ஆற்றியிருத்தல் முல்லை. ஓரிடத்தில் செலவு நிகழ்ந்தாலன்றி மற்றோரிடத்தில் இருத்தல் நிகழாது. ஆகவே, ஒரே நிகழ்ச்சியைப் பாசறையிலிருந்து காணின் வஞ்சியாகவும், மனையிலிருந்து காணின் முல்லையாகவும் தோன்றும் என்பது இவ்வமைப்பால் விளங்கும். வீட்டில் இருப்பவள் போருக்குப் புறம்பானவள் அல்லள் என்பதை இலக்கணமே ஏற்றுக்கொண்டது எனலாம்.

கற்பியலில் இரண்டு விதிகள் ஈண்டு நோக்கத்தக்கன. வேந்தன் பொருட்டு மேற்கொள்ளும் வினைக்குரிய பிரிவு ஓர் யாண்டின் எல்லைக்கு உட்பட்டது என்பது ஒன்று. காத்திருப்போர்க்கு ஓர் எல்லை வேண்டும் என்னும் அறவுணர்வு இதனுள் அடங்கியுள்ளது. வினைவயிற் பிரிந்தோன் மீளும்போது இடைவழியில் தங்குதல் இல்லை என்பது மற்றொன்று. அதற்கு அவர் கூறும் காரணம் வியக்கத்தக்கது. உள்ளத்தைப் போல உற்றவிடத்து உதவும், பறவை போன்ற விரைவுடைய குதிரைகள் அவனிடம் உண்டு என்கின்றார். தலைவனின் காதலே விரைவிற்குக் காரணம் என்று கூறியிருக்கலாம். அவ்வாறு கூறாமல் ஊர்தியின் உதவியைக் காரணமாக்கினார். மீட்சி என்பது ஒருவன் தானே செய்துகொள்வதன்று, பிறர் உதவியால் வாய்ப்பது என்னும் கருத்தின் வித்து இந்நூற்பாவில் உள்ளது.

பாசறையில் நினைவு

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளை உடையது. பத்துப்பாட்டுள் அளவிற் சிறியது. அதன் பொருள் அமைப்பைப் பற்றி நச்சினார்க்கினியர் உரையும், அதனை மறுத்து மறைமலையடிகள் எழுதிய ஆராய்ச்சியுரையும் கற்றோர் அறிந்தனவே. இக்கட்டுரைக்கு வேண்டியவை அப்பாட்டின் மூன்று காட்சிகள்.

முதற்காட்சி ஊர்ப்புறத்தது. முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். கட்டுண்டு வருந்தும் இளங்கன்றை நோக்கி, உன் தாயர் இப்பொழுதே வருவர் என்று ஆய்மகள் ஒருத்தி ஆற்றுவிக்கும் சொல் அவர்தம் செவியில் விழுகின்றது. அதனையே நற்சொல்லாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். காத்திருத்தல் தலைவி ஒருத்தியின் தனித்தொழில் அன்று. முதியோர் அவளோடு காத்திருக்கின்றனர். யாரென்று அறியாத ஆயர்குலச் சிறுமியும் தன்னை அறியாமலே துணை செய்கின்றாள்.

இரண்டாவது காட்சி பாசறையில் நிகழ்வது. வேந்தன் துயில் கொள்ளாது கிடக்கின்றான். நாளைய வெற்றியை அவன் எண்ணவில்லை. புண்பட்டுப் பிடிகளை மறந்த களிறுகளையும், உண்ட சோற்றுக்கு உரிய கடனை முடித்து வீழ்ந்த வீரரையும், அம்பு தைத்தமையால் செவி சாய்த்து உணவு கொள்ளாது வருந்தும் குதிரைகளையும் எண்ணுகின்றான். தனக்காகத் துன்புற்றோரை ஒவ்வொருவராக நினைவிற் கொணரும் உள்ளம் அது. நெடுநல்வாடையிலும் இதனையே காண்கின்றோம். 188 அடிகள் கொண்ட அப்பாட்டின் இறுதியில், வாடை வீசும் நள்ளிரவில் வேந்தன் பாசறையில் நடந்து, புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான். முன்செல்வோன் ஒருவன் வேப்பந்தழை கட்டிய வேலால் அவர்களை முறைமுறையாகக் காட்டுகின்றான். நெடுநல்வாடை அவ்விரவோடு முடிந்துவிடுகின்றது. தலைவனை நக்கீரர் வீட்டிற்குக் கொண்டு சேர்க்கவில்லை.

மூன்றாவது காட்சி முல்லைப்பாட்டின் முடிவு. வெற்றியோடு மீளும் தலைவனின் தேரில் பூண்ட குதிரைகள் தலைவியின் செவி நிறைய ஆலித்தன என்று பாட்டு நிறைவுறுகின்றது. சொற்றொடரின் எழுவாய் தலைவனன்று, குதிரைகளே. வந்தான் என்று புலவர் கூறாமல், அவனைக் கொணர்ந்தவற்றின் ஒலியைத் தலைவியின் செவியில் சேர்த்தார். பாசறையில் செவி சாய்த்து உண்ணாது வருந்திய குதிரைகளை முன்னர்க் காட்டியவர் அவரே ஆதலின், இவ்விரு செவிகளும் தற்செயலாய் அமைந்தன என்று கொள்ளுதல் அரிது.

வலவனும் விருந்தும்

ஐங்குறுநூற்றின் இறுதி நூறு பேயனார் பாடிய முல்லை. அதன் பத்துகளுள் பாசறைப் பத்தும், பாணன் பத்தும், தேர் வியங்கொண்ட பத்தும், வரவுச் சிறப்புரைத்த பத்தும் உண்டு. பாசறையில் தொடங்கும் நினைவு தூதாகி, தேராகி, வரவாகி முடிவதை இப்பெயர்களே உணர்த்தும். அகநானூற்றில் நான்கு என்னும் எண்ணில் முடியும் நாற்பது பாடல்களும் முல்லையே. இவற்றுள் பலவற்றில் தலைவன் பேசுவது தேர்ப்பாகனோடு. நற்றிணை 42ஆம் பாட்டில், முன்னொரு நாள் தான் மீண்டபோது இளையர் முன்சென்று அறிவித்ததையும், அதுவரை ஒப்பனை செய்யாதிருந்த தலைவி விரைந்து கூந்தலைக் கழுவி மலர் சூடிக்கொண்டிருக்கும் நிலையில் தான் உள்ளே புகுந்ததையும், அவள் பூ அவிழ்ந்த முடியோடு தழுவியதையும் மறக்கவொண்ணாதது என்று பாகனிடமே கூறி மகிழ்கின்றான். வீட்டின் உள்நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும் அளவிற்குப் பாகன் நெருங்கியவன் என்பது இதனால் தெளிவு.

பாகனை விளித்தல் ஒரு பாட்டு மரபு மட்டுமே, அதில் நன்றியைக் காணுதல் மிகை எனச் சிலர் கூறக்கூடும். அவர்க்கு விடையாக நிற்பது ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூறு 384ஆம் பாட்டு. வினைமுடித்த தலைவனுக்குத் தேரில் ஏறியது தெரிகின்றது. வந்த வழி தெரியவில்லை. இறங்குக என்று பாகன் கூறியபோது மருள்கின்றான். வானில் இயங்கும் காற்றைப் பூட்டினாயோ, அல்லது உன் மனத்தையே குதிரை உருவாக்கிப் பூட்டினாயோ என்று வினவுகின்றான். பின்னர்ப் பாகனை மார்புறத் தழுவி, வீட்டினுள் அழைத்துச் செல்கின்றான்.

இப்பாட்டில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, தொல்காப்பியனார் குதிரையின் விரைவை உள்ளத்திற்கு ஒப்பிட்டார். மாசாத்தியாரோ அவ்வுள்ளம் பாகனுடையது என்றார். தலைவனை வீடு சேர்த்தது அவன் ஆசை அன்று, அவனுக்காக விரைந்த மற்றொருவன் மனம். இலக்கணம் ஊர்திக்குத் தந்த சிறப்பைப் புலவர் ஒரு மனிதனுக்கு உரியதாக்கினார். இரண்டாவது, இப்பாட்டைக் கூறுவோர் வரவு கண்ட உழையர் எனக் குறிப்பு உரைக்கின்றது. நன்றி செலுத்தப்பட்டதை இல்லத்தார் கண்டு சான்று பகர்கின்றனர். மூன்றாவது, தலைவி விருந்தினால் அழகு பெற்றாள் என்று பாட்டு முடிகின்றது.

இவ்விருந்து என்னும் சொல்லே எம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல். கணவனைப் பிரிந்த மனைவி விருந்தோம்பும் உரிமையை இழந்திருப்பாள் என்பது தமிழ் மரபு. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், கோவலனைப் பிரிந்த நாளில் தான் இழந்த அறங்களுள் ஒன்றாகக் கண்ணகி விருந்தெதிர்கோடலைக் கூறுவது கற்றோர் அறிந்ததே. ஆகவே, தலைவன் மீண்டதும் தலைவிக்குக் கிடைப்பது கணவன் மட்டும் அன்று. இல்லறத்தாள் என்னும் நிலையே மீண்டும் கிடைக்கின்றது. அவள் வாயிலில் முதலில் வந்து நிற்கும் விருந்தினன் யார்? தலைவன் தழுவி அழைத்துவந்த வலவனே என்று கொள்ளுதல் பொருந்தும். கொணர்ந்தவனுக்குக் கணவன் செய்யும் கைம்மாறும், காத்திருந்தவளுக்கு வாழ்வு தரும் பேறும் ஒரே செயலில் நிகழ்கின்றன. நன்றி என்னும் சொல் பாட்டில் இல்லை. முயக்கமும் விருந்தும் அச்சொல்லின் பணியைச் செய்கின்றன.

நீலமலையில் இக்கடன்கள்

மேற்கூறிய மூவகைக் கடனையும் நீலமலையில் கண்ணாரக் காணலாம். அம்மலை நிலத்தாற் குறிஞ்சி. ஆயினும் புல்வெளிகளும் சோலைகளும் விரவி, தோடர் எருமை மேய்த்து வாழ்ந்த உயர்நிலம் முல்லை வாழ்க்கையையும் தன்னகத்தே கொண்டது. நீலகிரியின் முதல் ஆணையராயிருந்த பிரீக்சு, 1873இல் வெளிவந்த தம் நூலில் சோலூர், மேலூர் முதலிய இடங்களிலுள்ள உருவம் செதுக்கிய கற்பதுக்கைகளைப் பதிவு செய்துள்ளார். ஊர் மறவற்குச் செய்த கடன் கல்லாய் நிற்கின்றது. வெலிங்டனில் அமைந்த போர் நினைவுச் சின்னம் அதன் இக்கால வடிவம். டிசம்பர் 7ஆம் நாளைக் கொடிநாளாக 1949 முதல் நாடு கொண்டாடி வருவதும் இவ்வகையினதே.

மீளாதோரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனிமலையில் 19,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நிகழ்ந்த பனிச்சரிவில் மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியினர் பதின்மர் சிக்கினர். ஒருவர் ஆறு நாட்களுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லியில் உயிர் நீத்தார். அவ்வாறு நாட்களில் நாடே விரிச்சி கேட்டு நின்றது எனலாம். முல்லைப் பாட்டுகளின் மகிழ்ச்சிக்குப் பின்னால் இவ்வச்சம் எப்போதும் உண்டு. மீட்சி உறுதி என்றால் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நின்று நற்சொல் தேட வேண்டுவதில்லை.

மூன்றாம் கடனுக்கும் அம்மலையில் ஒரு சான்று உண்டு. பீல்டு மார்ஷல் மானெக்சா 1942இல் பருமாவின் சிட்டாங்கு ஆற்றுப் போரில் பல குண்டுகள் பாய்ந்து வீழ்ந்தபோது, அவரை மருத்துவரிடம் கொண்டு சேர்த்து உயிர் மீட்டவர் ஷேர் சிங் என்னும் பணிவீரர். படைத்தலைவராகிப் பெரும்புகழ் எய்தி 1973இல் ஓய்வு பெற்ற மானெக்சா குன்னூரைத் தம் இல்லமாகக் கொண்டார். 2008ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் வெலிங்டன் மருத்துவமனையில் மறைந்து, உதகையில் தம் மனைவியின் கல்லறையை அடுத்து அடக்கம் பெற்றார். அவர் வரலாற்றை எழுதுவோர் எவரும் பணிவீரர் பெயரை விட்டுச் செல்ல முடிவதில்லை. வலவனை வீட்டினுள் அழைத்துச் செல்லுதல் என்பது இன்று வரலாற்றினுள் அழைத்துச் செல்லுதலாக அமைகின்றது.

வலவனும் பாணனும் இன்று வேறு உருக்கொண்டுள்ளனர். 1899 முதல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்க்கும், 1908 முதல் உதகைக்கும் பல்சக்கரத் துணையோடு மலையேறும் புகைவண்டி, வெலிங்டன் நிலையத்தைக் கடந்தே செல்கின்றது. அதனைச் செலுத்துவோரும், எல்லைப்புறத்திற்கு மடல் சேர்க்கும் படை அஞ்சல் பணியாளரும், வீட்டில் முதியோரையும் குழந்தைகளையும் காத்து நிற்போரும் முல்லைத் திணையின் மாந்தரே.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். முல்லையின் உரிப்பொருளாகிய இருத்தல் தலைவி ஒருத்தியோடு நில்லாது, ஊர் முழுதும் பங்கு கொள்ளும் ஒழுக்கமாகப் பாடப்பெற்றுள்ளது. மீட்சியைத் தலைவனின் ஆற்றலாகக் கூறாது, துணை நின்றோர் ஈந்த பேறாகக் கூறுதல் தொல்காப்பியர் தொடங்கிச் சான்றோர் வரை வளர்ந்த நெறி. செஞ்சோற்றுக் கடன் களத்தில் உயிரால் தீர்க்கப்படுவது. இல்லத்திற்குரிய கடன் வாயிலில் விருந்தால் தீர்க்கப்படுவது. முன்னதைத் தீர்த்தோர்க்குக் கல் நாட்டுகின்றோம். பின்னதற்குத் தமிழர் வைத்துள்ள ஒரே நினைவுச் சின்னம் முல்லைப் பாடல்களே ஆகும். அவற்றைத் தலைவியின் கற்புக்கு மட்டும் சான்றாகக் கற்பித்து அமையாமல், மீண்டோன் கடனுக்கும் சான்றாகக் கற்பித்தல் நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.