கண்ணைக் கட்டினால் போதுமா?

கல்லூரி வளாகங்களில் சமத்துவப் பயிற்சி இப்போது சட்டத்தின் எதிர்பார்ப்பு. பெஹாலாவின் பார்வையற்ற மாணவர்களுக்கு அது இரக்கமாக வரப்போகிறதா, வேலைத் திறமையாக வரப்போகிறதா?

பெஹாலா என்றதும் கிரிக்கெட் ரசிகர்களுக்கு சௌரவ் கங்குலி நினைவுக்கு வருவார். டைமண்ட் ஹார்பர் சாலையில் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அங்கே இன்னொரு அடையாளம் உண்டு: கல்கத்தா பார்வையற்றோர் பள்ளி. அதன் பெயரே பஸ் நிறுத்தத்தின் பெயராகிவிட்டது. ‘பிளைண்ட் ஸ்கூல்’ என்றால் போதும், விலாசம் விசாரிக்க வேண்டியதில்லை.

1897ல் இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் லால் பிஹாரி ஷா. வங்க மொழிக்கென அவர் வகுத்த பிரெய்ல் முறை அவர் பெயராலேயே ‘ஷா பிரெய்ல்’ என்று அழைக்கப்பட்டது. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது 1951ல்.

பள்ளிப் படிப்பு வரை பெரிய சிக்கல் இல்லை. ஆசிரியருக்குத் தன் முன்னால் இருப்பவர் யார் என்று தெரியும். புத்தகம் பிரெய்லில் இருக்கும். சிக்கல் கல்லூரி வாசலில் ஆரம்பிக்கிறது. பெஹாலாவிலும் அதைச் சுற்றியும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பர்ணஸ்ரீ பகுதியில் பெஹாலா கல்லூரி, பரிஷாவில் விவேகானந்தா மகளிர் கல்லூரி, இன்னும் தெற்கே போனால் ஜோகாவில் ஐ.ஐ.எம். பார்வையற்ற மாணவருக்கு எந்தக் கல்லூரியானாலும் முதல் நாள் அனுபவம் ஒரே மாதிரிதான் இருக்கும். பேராசிரியர் கரும்பலகையைக் காட்டி, “இதை இங்கே கொண்டுவந்தால் இது கிடைக்கும்” என்பார். எதை, எங்கே, எது என்பது கடைசி பெஞ்ச் வரை எல்லோருக்கும் புரியும். ஒருவருக்கு மட்டும் புரியாது. பேராசிரியர் கெட்டவர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லித்தர வேண்டும் என்கிறது சட்டம். 2016ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான படிப்புகளில் இந்த விஷயமும் ஒரு பகுதியாக வேண்டும் என்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகித இடங்கள் மாற்றுத் திறனாளிகளுக்கு என்பதும் அதே சட்டம்தான். இதைச் செயல்படுத்தியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் உத்தரவிட்டது.

நடைமுறை என்ன? 2020-21ல் நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 4.14 கோடி பேர் என்கிறது மத்திய கல்வி அமைச்சகத்தின் கணக்கெடுப்பு. அவர்களில் மாற்றுத் திறனாளிகள் சுமார் 79,000 பேர். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம். சட்டம் போட்ட கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே வருகிறவர்கள் அரிது.

வருகிற சிலருக்காக வளாகம் தயாராக வேண்டும் என்ற எண்ணத்தில் நடத்தப்படுபவைதான் விழிப்புணர்வுப் பயிற்சிகள். அவற்றில் உலகெங்கும் பிரபலமான அம்சம் ஒன்று: பார்வையுள்ளவர்களின் கண்ணைத் துணியால் கட்டி நடக்கவிடுவது. ஐந்து நிமிடம் தடுமாறிவிட்டுக் கட்டை அவிழ்த்ததும் கண் கலங்குகிறவர்கள் உண்டு. நிகழ்ச்சி வெற்றி என்று அமைப்பாளர்களும் திருப்தியடைவார்கள்.

ஆனால் அந்தக் கண்ணீரால் பயன் என்ன? அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2017ல் வெளியிடப்பட்ட உளவியல் ஆய்வு சங்கடமான விடையைத் தருகிறது. இப்படிப்பட்ட ஒத்திகைக்குப் பிறகு மாணவர்களிடம் பரிவு கூடியது உண்மை. கூடவே பதற்றமும், நமக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற பயமும் கூடின. மாற்றுத் திறனாளிகளோடு பழகும் விருப்பம் மட்டும் கூடவில்லை. ஐந்து நிமிடக் குருட்டுத்தனம் கற்றுத்தருவது தடுமாற்றத்தை மட்டுமே. வெள்ளைக் கோலோடு கொல்கத்தாவின் நெரிசலில் ஆண்டுக்கணக்கில் நடந்து பழகியவரின் லாவகம் அதில் தெரியாது.

பயிற்சி என்ற சொல் காகிதத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே வட்டாரத்தோடு தொடர்புடைய வழக்கு ஒன்று உண்டு. பெஹாலாவை ஒட்டிய தாராதலாவில் இருக்கிறது, மூளை முடக்குவாதத்துக்கான இந்திய நிறுவனம். 1974ல் தொடங்கப்பட்டது. ஜீஜா கோஷ் அங்கே படித்து, பிறகு பிரசிடென்சி கல்லூரியில் சமூகவியலும் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடித்து, அதே நிறுவனத்துக்குத் திரும்பிப் பணியாற்றியவர். அவருக்கும் மூளை முடக்குவாதம் உண்டு. 2012 பிப்ரவரியில் மாற்றுத் திறனாளிகள் பற்றிய மாநாட்டுக்காக கோவா செல்ல கொல்கத்தாவில் விமானம் ஏறி அமர்ந்தவரை ஊழியர்கள் கீழே இறக்கிவிட்டார்கள். அவருடைய உடல்நிலையைக் கண்டு விமானி தயங்கினார் என்பதே காரணம்.

விமான ஊழியர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி தர வேண்டும் என்ற விதி 2008லேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜீஜாவுக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. தேவை இரக்கம் அல்ல, மரியாதை என்பதே தீர்ப்பின் சாரம். விதி இருந்தது, பயிற்சி இருந்தது. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவரை அது எட்டவில்லை.

கல்லூரிக்கும் இது பொருந்தும். பயிற்சி மண்டபத்தில் முன்வரிசையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே அக்கறை உள்ள மாணவர்கள். மாற்றுத் திறனாளியின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவர்களோ வேறு: விண்ணப்பத்தை வாங்கும் குமாஸ்தா, நூலக ஊழியர், தேர்வு அறைக் கண்காணிப்பாளர். இவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. எழுதும்போதே அதை உரக்கச் சொல்வது. பாடக் குறிப்பைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பாமல் எழுத்தாகவே தருவது. படமாக வந்தால் கம்ப்யூட்டரின் திரைவாசிப்பு மென்பொருளால் அதை நேரடியாகப் படித்துக் காட்ட முடியாது. மென்பொருளுக்குச் செலவும் இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006ல் உருவாக்கத் தொடங்கிய ‘என்விடிஏ’ இலவசமாகவே கிடைக்கிறது. புத்தகங்களை இவ்வாறு மாற்றிக்கொள்ள 2012ல் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டுவிட்டது. இதற்கான மராகேஷ் சர்வதேச உடன்படிக்கையை 2014ல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

தேர்வு அறை இன்னொரு களம். பார்வையற்றவருக்காக எழுதுபவரை அனுமதிப்பது, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தருவது என்று மத்திய அரசு 2013லேயே வழிகாட்டியது. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் அதிகம். இது தெரியாத கண்காணிப்பாளர் மணியடித்ததும் விடைத்தாளைப் பிடுங்கினால் ஓராண்டு உழைப்பு போய்விடும். ‘சலுகை’ என்று இதை நினைப்பவர்களுக்கு 2021ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. எழுதும்போது ஏற்படும் கைத் தசைப்பிடிப்பால் எழுத முடியாத அவருக்கு சிவில் சர்வீசஸ் தேர்வில் உதவியாளர் தர மறுத்தது தவறு என்றது. தகுந்த வசதி செய்து தருவது தருமம் அல்ல, சமத்துவத்தின் பகுதி என்று தெளிவுபடுத்தியது.

அதே தீர்ப்பு தமிழகத்தோடு தொடர்புள்ள இன்னொன்றையும் தொட்டது. பார்வைக் குறைபாடு 70 சதவிகிதம் உள்ள வழக்கறிஞர் சுரேந்திர மோகன், சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்தார். 50 சதவிகிதத்துக்கு மேல் குறைபாடு கூடாது என்ற நிபந்தனையை 2019ல் உச்ச நீதிமன்றமே ஏற்றிருந்தது. அந்தத் தீர்ப்பின் அணுகுமுறை சரியல்ல என்று 2021ல் சொல்லப்பட்டது. 2025 மார்ச்சில் இன்னொரு வழக்கில், பார்வையற்றவர் என்பதற்காகவே ஒருவரை நீதிபதி பணிக்குப் போட்டியிடாமல் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் பார்வையை மாற்றிக்கொண்டது.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. சென்னை கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த பெனோ ஜெபைன் 2015ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை.

பெஹாலாவில் பஸ் கண்டக்டர்கள் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் உரக்கக் கூவுகிறார்கள். அது பார்வையற்றவர்களுக்கான தனி ஏற்பாடு அல்ல. தூங்குபவருக்கும் ஊருக்குப் புதியவருக்கும் நெரிசலில் ஜன்னல் தெரியாமல் நிற்பவருக்கும் அதே குரல்தான். பார்வையற்றவர் யாருடைய தயவும் இல்லாமல் இறங்கிப் போய்விடுகிறார். கரும்பலகையில் எழுதுவதை உரக்கச் சொல்லும் பேராசிரியராலும் அதே பலன்தான். பயிற்சி கற்றுத்தர வேண்டியது இதைத்தான். கண்ணைக் கட்டத் துணி தேவையில்லை.