45 நிமிடத்தில் 46 கோடி டாலர் காலி... ஒரே ஒரு சர்வரில் விட்டுப்போன அப்டேட்! 'டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட்' ஏன் முக்கியம்?

2012 ஆகஸ்ட் 1. காலை 9.30 மணிக்கு நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததும், 'நைட் கேபிட்டல்' என்ற வர்த்தக நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் இஷ்டத்துக்குப் பங்குகளை வாங்கி விற்க ஆரம்பித்தன. வாடிக்கையாளர்கள் கொடுத்தது வெறும் 212 ஆர்டர்கள். ஆனால், சுமார் 45 நிமிடத்தில் நடந்த பரிவர்த்தனைகள் 40 லட்சத்துக்கும் மேல்! நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் யாரும் ஹேக் செய்யவில்லை.

என்னதான் நடந்தது?

சந்தையில் அறிமுகமான ஒரு புதிய திட்டத்துக்காக, நைட் தன் சாஃப்ட்வேரை மாற்றியது. மொத்தம் 8 சர்வர்கள். 7 சர்வர்களில் புதிய புரோகிராம் ஏறிவிட்டது. எட்டாவதில் அதை ஏற்ற ஊழியர் விட்டுவிட்டார். சரிபார்க்க இன்னொரு ஆளும் இல்லை.

அந்த எட்டாவது சர்வரில், 2003லேயே கைவிடப்பட்ட 'பவர் பெக்' என்ற பழைய புரோகிராம் அப்படியே கிடந்தது. புதிய வசதியை ஆன் செய்யும் அதே சுவிட்ச், இங்கே பழசை எழுப்பிவிட்டது. 'ஆர்டர் முடிந்தது, நிறுத்து' என்று அதற்குச் சொல்லும் பகுதி ஏற்கெனவே இடம் மாற்றப்பட்டிருந்ததால், அது நிற்காமல் ஓடியது.

இதைவிடக் கொடுமை, பதற்றத்தில் 7 சர்வர்களில் இருந்த சரியான புரோகிராமையும் நீக்கிவிட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

சரி, ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

சினிமாவில் ஹேக்கர்கள் கறுப்புத் திரையில் டைப் செய்வார்களே, அதுதான் கமாண்ட் லைன். அங்கே டைப் செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால், அது ஸ்கிரிப்ட். ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற டூல்கள் அதைத் தானாகவே ஓட்டும். 8 சர்வரோ, 800 சர்வரோ, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வேலை நடக்கும்.

அப்போ ஸ்கிரிப்ட் இருந்தால் போதுமா? அங்கேதான் சிக்கல்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டளையும் 'எக்ஸிட் கோட்' என்ற ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் வெற்றி, வேறு எந்த எண் வந்தாலும் தோல்வி. (ஆமாம், நம்ம பரீட்சைக்கு நேர் எதிர்!) டிப்ளாய்மென்ட் டூல் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் நம்புகிறது.

லினக்ஸ் சர்வர்களில் அதிகம் புழங்கும் 'பாஷ்' ஸ்கிரிப்ட், நடுவில் ஒரு வரி தோற்றாலும் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசி வரியின் எண்தான் மொத்த ஸ்கிரிப்ட்டின் எண். அந்த வரி, 'வேலை முடிந்தது' என்று திரையில் காட்டும் சாதாரணக் கட்டளை என்றால்? அது எப்படியும் ஜெயிக்கும். எட்டாவது சர்வரில் ஃபைல் ஏறாவிட்டாலும், டூலில் பச்சை டிக் விழும்.

அதனால்தான், 'ஒரு வரி தோற்றாலும் அங்கேயே நில்' என்ற உத்தரவை அனுபவசாலிகள் ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகளிலேயே எழுதிவிடுகிறார்கள். கடைசியில் ஒவ்வொரு சர்வரிடமும், 'உன்னிடம் இப்போ இருப்பது எந்த வெர்ஷன்?' என்று கேட்டு ஒப்பிடவும் செய்கிறார்கள்.

நைட் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சிக்னல் கிடைத்தது. அன்று காலை 8 மணியிலிருந்து சந்தை திறப்பதற்குள், பவர் பெக் பெயரைச் சொல்லும் பிழைச் செய்தியோடு 97 இமெயில்கள் ஊழியர்களுக்குத் தானாகவே போயின. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படவில்லை. யாரும் அதன்படி செயல்படவும் இல்லை.

2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நைட், கெட்கோ நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.