பாம்புக்கு இரை எவ்வளவு, எப்போது?

மண்ணுளிப் பாம்பை எடைபோட்டு விலை பேசும் கூட்டம் இன்னும் ஓயவில்லை. வாலும் தலைபோலவே மழுங்கியிருப்பதால் இருதலை மணியன் என்பார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும், எடை கூடக் கூட விலை ஏறும் என்று ஆசை காட்டுவார்கள். அத்தனையும் பொய். 2016 முதல் 2021 வரை நாடு முழுவதும் இந்தப் பாம்பு பறிமுதலான 172 சம்பவங்களை டபிள்யூ.சி.எஸ். இந்தியா அமைப்பு தொகுத்திருக்கிறது. எடை ஏற்றவென்று வாயைப் பிளந்து இரையைத் திணிப்பதும் இந்த வியாபாரத்தில் நடக்கிறது.

சங்கராபுரம் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்துக் கொல்லைகளில் உழும்போது ஒரு பாம்பு தட்டுப்பட்டால், அதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர யாருக்கும் உரிமை இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு எல்லாம் இப்போது முதல் அட்டவணையில் இருக்கின்றன. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கொல்லையில் சாரை இருந்தால் எலிக்கு மருந்து வைக்கும் வேலை குறையும் என்பது விவசாயிகளுக்கே தெரியும்.

வெளிநாட்டுப் பாம்புகளின் கதை வேறு. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 பாம்புகள் இருந்தன. இப்படி வந்ததை வாங்கினால் வழக்கு வாங்கியவர்மீதும் பாயும். பந்து மலைப்பாம்பு போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவுக் காகிதத்தைத்தான்.

முறையாகப் பதிந்து வளர்ப்பவர்களும் பாசத்தாலேயே பாம்பைக் கெடுக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் வைப்பதுபோல் தினமும் வைக்கத் தோன்றுகிறது. பாம்போ உடல் சூட்டுக்காக உணவை எரிப்பதில்லை. வெளிச் சூட்டை வாங்கித்தான் செரிக்கிறது. அதனால் கொஞ்சமே போதும். பந்து மலைப்பாம்புக் குட்டிக்கு வாரம் ஒரு முறை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, எடையில் இருபதில் ஒரு பங்கு: ஒரு கிலோ பாம்புக்கு 50 கிராம் எலி. சமையலறைத் தராசே போதும். எலியின் பருமன் பாம்பின் நடு உடம்புப் பருமனைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. விழுங்கிய பிறகு லேசான புடைப்பு தெரிந்தால் அளவு சரி. தோல் இழுபட்டுச் செதில்களுக்கு நடுவே வெளுத்துத் தெரிந்தால் இரை பெரிது.

உயிருள்ள எலியைக் கூண்டில் விடாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறையவைத்த எலியை முழுக்க உருகவிட்டு, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் கொடுங்கள். அதன்பின் இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. கக்கிவிட்டால் உடனே மறு இரை வேண்டாம். கூண்டின் சூட்டைச் சரிபார்த்து, பத்துப் பதினைந்து நாள் விட்டு, சிறியதாகக் கொடுங்கள். சட்டை உரிக்கும் நேரத்தில் தின்னாது. பந்து மலைப்பாம்பு சில மாதங்கள்கூடப் பட்டினி கிடக்கும். எடை குறையாதவரை பதற வேண்டாம்; குறைந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைப் பிளந்து ஊட்டுவதை வீட்டில் செய்யவே கூடாது. உணவுக்குழாய் கிழியும், இரை மூச்சுக்குழலுக்குள் போகும்.

பால் எந்தப் பாம்புக்கும் உணவு அல்ல. ஆடியில் புற்றுக்குப் பால் வார்ப்பவர்களின் பக்தியை மதிக்கிறேன். தாகத்தில் தவிக்கும் பாம்பு எதையும் குடிக்கும், ஆனால் பாலைச் செரிக்க அதற்கு வழியில்லை. அதற்கு வேண்டியது தண்ணீர்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோய். தனியார் மருத்துவமனையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.