முள்ளில் இருக்கும் செல்வம்

மீன் முள் என்றதும், தொண்டையில் சிக்கித் துன்புறுத்தும் பொருளாகவே அது நம் நினைவுக்கு வருகிறது. மீனைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளிலோ, சதை நீக்கிய முதுகெலும்புகள் குவியல் குவியலாகச் சேர்கின்றன. அவற்றை வீணே மண்ணில் புதைப்பது செல்வத்தைப் புதைப்பதாகும் என்பதையே நேயர்களுக்கு நான் எடுத்துக்கூற விரும்புகிறேன்.

முள்ளை உண்பது புதுமையன்று. நெத்திலிக் கருவாட்டை நாம் முள்ளோடுதானே மென்று தின்கிறோம்? ஜப்பானியர் விலாங்கு மீனின் முள்ளை எண்ணெயில் பொரித்து நொறுவலாக உண்பர். ஆனால், சூரை போன்ற பெரிய மீன்களின் முள்ளைத் தூளாக்கினால்தான் உண்ண இயலும். கொச்சியில் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இத்தகைய தூளைத் தயாரிக்கும் முறையை வகுத்துள்ளது.

முறை கடினமானதன்று, ஆயினும் தூய்மை மிக வேண்டும். புதிய முள்ளை வேகவைத்து, ஒட்டிய சதையைச் சுரண்டிக் கழுவுவர். பின்னர் நீர்த்த காரக் கரைசலில் இட்டு, எஞ்சிய புரதத்தையும் கொழுப்பையும் அகற்றுவர். கொழுப்பு தங்கிவிட்டால் நாளடைவில் சிக்கு நாற்றம் வீசும். காரம் முற்றும் நீங்கும்வரை கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். தூள் பருமனாயின், இனிப்பில் மணல் போல் நறநறக்கும்.

இத்தூளை வறுத்த எள்ளுடனோ நிலக்கடலையுடனோ முதலில் கலந்துகொண்டு, வெல்லப்பாகு பதம் வந்ததும் அதிற் கொட்டிக் கிளறி உருண்டை பிடிக்கலாம். தூளில் நாலில் ஒரு பங்கே சுண்ணாம்புச் சத்து எனக் குறைவாகக் கணக்கிட்டாலும், ஒரு கிராம் தூளில் 250 மில்லிகிராம் கிடைக்கும். ஏறத்தாழ ஒரு பெரிய தம்ளர் பசும்பாலில் உள்ள அளவு இது. வளர்ந்தவருக்கு நாள்தோறும் வேண்டுவது 1,000 மில்லிகிராம். நாள்தோறும் பால் வாங்க இயலாத இல்லங்களில் வளரும் சிறுமியருக்கும், எலும்பு நலியும் வயதினரான தாய்மாருக்கும் இது எத்துணை உதவி!

ஆயினும், மூன்று எச்சரிக்கைகளை நான் வலியுறுத்துவேன். எலும்பில் ஈயம் தங்கக்கூடும். ஆதலால் ஆய்வுக்கூடத்தில் சோதித்த தூளையே பயன்படுத்த வேண்டும். இனிப்பு மிகுந்தால் பல் கெடும். ஆதலால் அளவோடு உண்டு வாய் கொப்பளிக்க வேண்டும். மூன்றாவது, நேர்மை. இனிப்பில் மீன் இருக்குமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. மரக்கறி உண்பாரும், மீன் ஒவ்வாதவரும் அறியாது உண்டுவிடாதபடி, உறையின்மேல் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

உடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக்கொள்ள வைட்டமின் 'டி'யும் வேண்டும். அதை வெயில் தருகிறது. ஆகவே, குழந்தைகளுக்கு உருண்டையைக் கொடுப்பதோடு நில்லாமல், அவர்களை வெளியே விளையாடவும் விடுங்கள். கடல் தந்த முள்ளும் கதிரவன் தரும் ஒளியும் சேர்ந்தே அவர்தம் எலும்புக்கு உரமூட்டும்.