உறைக்கும் வெயில், புழுங்கும் ஊர்

மதுரையை அடுத்த பரவை காய்கறி மொத்த மார்க்கெட்டில் கோடைக்காலத்தில் காலை 10 மணிக்கு முன்பே கீரைக்கட்டுகளின் மேல் ஈரச்சாக்கு ஏறிவிடும். "வெயில் ஏறுறதுக்குள்ள ஏத்தி விட்ருங்கண்ணே" என்று சில்லறை வியாபாரிகள் லோடுமேன்களை அவசரப்படுத்துவார்கள். எடுத்துப்போக முடியாத மூட்டையை, "வெயில் தாழ வந்து எடுத்துக்கிறேன்" என்று கடையோரம் ஒதுக்கி வைப்பார்கள். கடிகாரத்துக்கு அங்கே வேலை குறைவு. வெயில் ஏற, உச்சி உருமம், வெயில் தாழ, மஞ்ச வெயில் என்று முழுப்பகலையும் வெயிலை வைத்தே பங்கு போட்டுக்கொள்கிற பேச்சு அது.

உருமம் என்றால் உச்சிப்பொழுது. "உருமத்துல புளியமரத்துப் பக்கம் போகாத, காத்துக்கருப்பு அடிச்சிரும்" என்று பிள்ளைகளை மிரட்டாத பாட்டி மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அநேகமாக இருக்க மாட்டார். பேய் இருந்ததோ இல்லையோ, பிள்ளைகள் அந்த இரண்டு மூன்று மணி நேரமும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. இன்று அரசு எச்சரிக்கைகள் 'பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்ல வேண்டாம்' என்று சொல்வதை ஒற்றைச் சொல்லில் அடக்கியிருந்தார்கள்.

கடும் வெயிலைச் சொல்ல ஆங்கிலத்தில் வண்ணமயமான உவமைகள் ஏராளம். நடைபாதையில் முட்டை பொரிக்கலாம் என்பார்கள். கோடையின் உச்சத்தை 'நாய் நாட்கள்' என்பார்கள். வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் என்ற 'நாய் விண்மீன்' அதிகாலையில் சூரியனுக்குச் சற்று முன்னால் உதிக்கத் தொடங்கும் பருவம் அது. அந்த விண்மீனின் சூடும் சூரியனோடு சேர்ந்துகொள்வதாகக் கிரேக்கரும் ரோமானியரும் நம்பினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் வெப்ப அலைக்குச் சொல்லும் 'கனிகூல்' என்ற பெயர், நாய்க்குட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நம் ஊரிலும் பழி ஒரு நட்சத்திரத்தின் மேல்தான் விழுந்தது. சூரியன் பரணியின் பிற்பகுதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தில் நிற்கும் நாட்களே அக்னி நட்சத்திரம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. பெரும்பாலும் மே 4-இல் தொடங்கி 28 வாக்கில் முடியும். 'கத்திரி' என்பது மக்கள் வைத்த பெயர். அதிலும் 'முன் ஏழு, பின் ஏழு' என்று கணக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரை பிறந்த ஓரிரு நாளிலேயே, ஏப்ரல் 16-ஐ ஒட்டி. அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. ஆனால் தரையும் காற்றும் சூட்டை வாங்கிச் சேர்த்து வைக்கச் சில வாரங்கள் ஆகின்றன. அதனால்தான் உக்கிரம் கத்திரியில் வந்து இறங்குகிறது.

தமிழ் தன் வெயில் சொற்களை வானத்தைவிட அடுப்படியிலிருந்தே அதிகம் எடுத்திருக்கிறது. மிளகாயும் உறைக்கும், வெயிலும் உறைக்கும். கடலையை வறுப்பதுபோல வெயில் ஆளை வறுத்தெடுக்கும். கத்தரிக்காயை வாட்டுவதுபோல வாட்டும். வெறுங்காலோடு தெருவில் இறங்கினால் பொசுக்கும். ஓட்டு வீட்டுக்குள் படுத்தால் வேகும். நெல்லைப் புழுக்கி எடுத்தால் புழுங்கலரிசி. காற்றில்லாத அறைக்குள் மனிதர் புழுங்கினால் புழுக்கம். இவை அலங்காரத்துக்குச் சொன்னவை அல்ல. எந்தச் சூடு உடம்பை என்ன செய்கிறது என்று அடுப்பின் முன்னால் நின்றவர்கள் பிரித்துச் சொன்னவை.

வெக்கை வேறு, புழுக்கம் வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்க ஒரு மண்பானை போதும். ஆற்றுமணலைப் பரப்பி, அதை நனைத்து, மேலே பானையை வைத்திருப்பார்கள். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்து கிடக்கும் வெக்கை நாளில் பானைத் தண்ணீர் ஜில்லென்று தொண்டைக்குள் இறங்கும். மேகம் கூடி, மழைக்கு முன் 'இறுக்கமா இருக்கே' என்று சொல்லும் நாளில் அதே பானை சுமாராகத்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது. மனித உடம்புக்கும் இதே விதிதான். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். கசகசவென்று வேர்வை வழிந்தபடியே இருந்தால் உள்சூடு வெளியேற வழியில்லை. வெப்பமானியில் ஓரிரு டிகிரி குறைவாகக் காட்டினாலும் புழுக்க நாள் ஆளைச் சாய்ப்பது இதனால்தான்.

எழுத்தாளர் பூமணி 1982-இல் வெளியான தம் நாவலுக்கு 'வெக்கை' என்றே பெயர் வைத்தார். கரிசல் காட்டின் சூடும் மனிதரின் வன்மமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. 2019-இல் வந்த 'அசுரன்' படத்துக்கு அந்த நாவல்தான் மூலம்.

இத்தனை நுட்பமான சொற்கள் இருக்க, கோடை வந்தால் செய்திகளில் நிற்பது ஒரே தொடர்: 'மதுரையில் வெயில் சதம் அடித்தது.' 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில் கணக்கிட்டாலும், சதம் கிடைப்பது ஃபாரன்ஹீட்டில்தான் என்பதால் அந்த அளவு தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'சதம்' கைதட்டலுக்கு உரிய சொல். செங்கல் சூளையில் கல் அடுக்குபவருக்கும், தார்ச்சாலையில் ஜல்லி கொட்டுபவருக்கும் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. போதாததற்கு, அந்த எண் நிழலில் எடுத்தது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி சொல்வது அது. நேர் வெயிலில் நிற்பவரின் தலை தாங்குவது அதைவிட அதிகம்.

சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. அந்த எச்சரிக்கை மக்கள் பேசும் சொல்லிலேயே மக்களிடம் போய்ச் சேர வேண்டும். 'வெப்பத்தாக்கு அறிகுறிகள்' என்று அச்சிடுவதைவிட, 'தலை கிறுகிறுன்னு வந்தா, நாக்கு வறண்டா, பேச்சு குழறினா உடனே நிழலுக்குக் கொண்டு போங்க, உடம்பை நனைங்க, ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க' என்று மைக்கில் சொன்னால் நாற்று நடும் பெண்ணுக்குப் புரியும்.

வெயிலோடு வாழத் தெரிந்த ஊர்தான் மதுரை. சிலப்பதிகாரத்தில் மதுரையை நோக்கி வரும் கோவலன், கண்ணகியால் பகல் வெயிலில் நடக்க முடியாது என்று கண்டு, நிலவொளியில் இரவு நடக்க முடிவெடுக்கிறான். முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலையாக மாறும் என்று சொன்ன காப்பியமும் அதுவே. சூடு மிகுந்த நாட்டில் நல்லதெல்லாம் குளிர்ச்சியாகவே இருந்தது. வயிறு குளிர வாழ்த்துவார்கள், கண் குளிரப் பார்ப்பார்கள். பொறாமை மட்டும் வயிற்றெரிச்சல். மதுரைக்காரர்கள் தம் சொத்தாகவே ஆக்கிக்கொண்ட ஜிகர்தண்டாவின் பெயருக்கும் 'ஈரல் குளிர்ச்சி' என்றுதான் பொருள்.

இந்த வெயிலுக்கு நடுவேதான் சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். பரவைக்குப் பக்கத்தில் உள்ள தேனூரில்தான் முற்காலத்தில் அவர் ஆற்றில் இறங்கினார் என்பது இந்தப் பகுதியின் வழக்கு. வண்டியூரில் அவர் எழுந்தருளும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். அழகர் வேடமிட்ட பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பி, துருத்தி வழியே பீய்ச்சிக்கொண்டு போவார்கள். சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தலில் பானகமும் நீர்மோரும் ஊற்றுவார்கள். பீய்ச்சிய நீர் தார்ச்சாலையில் விழுந்து ஆவியாகி மறையும். அடுத்த துருத்திக்காரர் அதே இடத்தை மறுபடி நனைத்துக்கொண்டு வருவார்.