மாதர் சங்கமும் மாதாந்தரச் சொற்பொழிவும்

மாதத்தில் ஒரு பிற்பகல். வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு, அண்டை அயலிலுள்ள பெண்மணிகள் முப்பது நாற்பது பேர் ஒரு கூடத்தில் கூடுகின்றனர். கடவுள் வாழ்த்து, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, விருந்தினரின் சொற்பொழிவு, வந்தனோபசாரம், சிற்றுண்டி. மாதர் சேவைச் சங்கம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி இதுவே. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று புன்னகையுடன் ஒதுக்கிவிடும் ஆடவர்களும் உண்டு. ஆனால் டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்கு, தாய்மொழியில் மனம்விட்டுப் பேசக் கிடைக்கும் பொழுது அந்த ஒரு பிற்பகல்தான். அதில் வரும் சொற்பொழிவு எவ்வாறு பயன்படும், எவ்வாறு வீணாகும் என்பதைச் சிறிது விளக்கக் கருதுகிறோம்.

இத்தகைய சங்கங்கள் நேற்று முளைத்தவையல்ல. 1917ஆம் ஆண்டில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர் முதலியோரின் முயற்சியால் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதன் கிளைகளில் எழுத்தறிவும் தையலும் முதலுதவியும் கற்பிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரிலேயே சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்களின் தூதுக்குழு ஒன்று இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் கண்டு வாக்குரிமை கோரியது. 1927இல் புனேயில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. டில்லியிலுள்ள லேடி இர்வின் கல்லூரி 1932இல் அம்மாநாட்டின் முயற்சியால் ஏற்பட்டதே. இன்று பல ஊர்களில் காணப்படும் இன்னர் வீல் சங்கமோ வேறு வழியில் வந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ரோட்டரி சங்கத்தாரின் மனைவியர் மார்கரெட் கோல்டிங் அம்மையாரின் தலைமையில் 1924இல் அதனைத் தொடங்கினர். ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதியன்று அதன் சங்க ஆண்டு பிறக்கிறது. பிறப்பு எவ்வாறாயினும், கூட்டம் நடக்கும் முறை எல்லாச் சங்கங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அம்முறையில் மிகுந்த கவனம் பெறவேண்டியதும், பெரும்பாலும் பெறாததும், விருந்தினரின் சொற்பொழிவேயாகும். காரியதரிசி யாரையேனும் தொலைபேசியில் அழைக்கிறார். வருபவர் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பது அவர் ஒலிபெருக்கியின் முன் நிற்கும்வரை எவருக்கும் தெரிவதில்லை. பொன்னாடையின் நிறத்தைத் தேர்வதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தலைப்பைத் தேர்வதற்குச் செலவிட்டால் போதும் என்பது எமது கட்சி. இரண்டு வாரங்களுக்கு முன்பே விருந்தினருக்குக் கடிதம் எழுதி, கேட்கப்போகிறவர்கள் யாவர், அவர்களுக்கு எம்மொழி விளங்கும், அவர்கள் அறிய விரும்புவது யாது என்பவற்றைத் தெரிவித்துவிடவேண்டும். பேச்சுக்கு இருபத்தைந்து நிமிஷம் என்றால், கேள்விகளுக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஒதுக்கவேண்டும். எழுந்து நின்று கேட்கக் கூசுபவர்கள் சீட்டில் எழுதித் தரலாம். பெயர் வேண்டியதில்லை.

மொழியைப் பற்றிச் சொன்னோம். அதன் அருமையை நாம் பட்டே அறிந்தோம். மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே எமது தொழில். ஆதலால் டில்லியில் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த ஒரு பகுதியின் மாதர் சங்கத்தார், இந்தியில் பேசவந்த பெண் மருத்துவர் ஒருவரின் உரையைத் தமிழில் சொல்லித் தருமாறு எம்மை அழைத்தனர். அலுவலகக் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் பெயர்த்தவர்களுக்கு இது எம்மாத்திரம் என்று எண்ணிச் சென்றோம். மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே 'கூன் கீ கமீ' என்றார். நாம் சிறிதும் தயங்காமல் 'இரத்தக் குறைவு' என்றோம். சொல்லுக்குச் சொல் சரிதான். முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், "டாக்டரம்மா, இரத்தம் குறைந்துபோனால் ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொள்ளத்தானே வேண்டும்? எங்களுக்கு அப்படியொன்றும் காயம் படவில்லையே?" என்று கேட்டார். சபை சிரித்தது. அப்போதுதான் எமது பிழை எமக்கு உறைத்தது. மருத்துவர் கூறியது சோகையைப் பற்றி. அச்சொல் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். தக்க நேரத்தில் நாவுக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மீண்டும் தொடங்கினோம். உடலில் இரத்தத்தின் அளவு குறைவதன்று சோகை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் குறைவதே சோகை. கருவுறாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும், கருவுற்றவளுக்கு 11 கிராமுக்கும் குறையலாகாது. 2019–21இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையவர்கள். முந்தைய ஆய்வில், அதாவது 2015–16இல், அது 53ஆக இருந்தது. நாடு முன்னேறும்போது இவ்வெண் மட்டும் ஏறியிருக்கிறது. காரணங்கள் பல, இரும்புச்சத்துப் போதாமை அவற்றுள் முக்கியமானது. கீரையிலும் பயறுகளிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றை உடன் சேர்த்து உண்டால் நன்கு ஏற்கும். உணவோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் அதுவும் தடைப்படும். இதை மொழிபெயர்த்தபோது சபையில் எழுந்த முணுமுணுப்பை ஒலிப்பதிவு செய்திருக்கவேண்டும்!

கேள்விச் சீட்டுகளுள் ஒன்றில் பென்சிலால் இரண்டே வரிகள் இருந்தன. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா என்பதே கேள்வி. மருத்துவர் விடை கூறுமுன், எழுதியவர் எவராயினும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும் என்றார். கூட்டம் கலைந்த பின், திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத பெண் ஒருத்தி காரியதரிசியிடம் வந்து, "அக்கா, அந்தச் சீட்டு நான் எழுதியது. ஆஸ்பத்திரியில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது; இந்தி வராது" என்றாள். மறுநாள் காரியதரிசியே அவளை அழைத்துச் சென்றார். எண் ஒன்பதுக்கும் கீழே இருந்தது. அன்றே இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார்கள்.

அடுத்த கூட்டத்தில் சங்கம் இரண்டு காரியங்களை முடிவு செய்தது. பரிசோதனைக்குச் செல்ல விரும்பும் உறுப்பினருடன் இந்தி அறிந்த ஒருவர் துணைக்குச் செல்வது என்பது முதலாவது. வாரத்துக்கு இருவர் என்று முறைவைத்து எழுதிய அட்டவணை இன்னும் அக்கூடத்தின் கதவில் தொங்குகிறது. அதன் ஓரத்தில், வேலைக்காரப் பெண்களுக்கும் இது உண்டு என்று யாரோ பின்னர் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர் யாரென்று நாம் விசாரிக்கவில்லை.

இரண்டாவது முடிவுக்குத்தான் பெரும் விவாதம் நடந்தது. சிற்றுண்டியுடன் காப்பி வழங்குவதை நிறுத்தி, சுண்டலோடு எலுமிச்சைச் சாறும், கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி முன்னதாக வருபவர்களுக்கு மட்டும் காப்பியும் தருவது என்று தீர்மானம். அது நிறைவேறியது, எதிர்த்து வாக்களித்தவர் இருவர். அவ்விருவரும் இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மணி முன்னதாகவே வந்துவிடுகிறார்கள்.